பாசி பிடித்த மதிலும் பதினைந்து நாள் நோட்டீசும்

வாசகி கடிதம்:

"சார், நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. நாகர்கோவிலில் இருந்து ராஜாக்கமங்கலம் போகும் வழியில் 42 தனி வீடுகள் உள்ள குடியிருப்பில் இருக்கிறேன். வீடு 2012இல் கட்டியது. முதல் உரிமையாளரிடம் இருந்து 2016இல் நாங்கள் வாங்கினோம். கணவர் காலமாகி மூன்று வருடம் ஆகிறது, மகன் மஸ்கட்டில் இருக்கிறான். எங்கள் சங்கத்தில் இந்த வருடம் புது நிர்வாகக் குழு வந்தது. ஜூலை முதல் வாரம் எனக்கு ஒரு நோட்டீஸ். ரோட்டுப் பக்க மதில் பாசி பிடித்துக் கறுத்துக் கிடக்கிறதாம். மொட்டைமாடியில் போட்ட தகர ஷீட் அசிங்கமாக இருக்கிறதாம். வீட்டின் நீல நிறத்தை மாற்றி மற்ற வீடுகளைப் போல கிரீம் அடிக்க வேண்டுமாம். முற்றத்தில் தேங்காயும் கதம்பையும் (தேங்காய் உரித்த மட்டை) போடக் கூடாதாம். பதினைந்து நாளில் சரிசெய்யாவிட்டால் நாளுக்கு 200 ரூபாய் அபராதம், அதற்கும் மசியாவிட்டால் பொதுத் தொட்டித் தண்ணீரை நிறுத்துவோம் என்று எழுதியிருக்கிறார்கள். அந்த நீலம் என் கணவர் தேர்ந்தது. இவர்களுக்கு இந்த அதிகாரம் உண்டா? நான் என்ன செய்ய வேண்டும்?"

அன்புள்ள டீச்சர்,

நான்கு புகார்களையும் ஒரே மூட்டையாகக் கட்டி உங்கள் வாசலில் இறக்கிவிட்டார்கள். நீங்களும் அதை ஒரே மூட்டையாகத் தூக்கிப் பார்த்துப் பயந்திருக்கிறீர்கள். அவிழ்த்துப் பார்த்தால் என் கணக்கு இதுதான்: ஒன்றில் தவறு உங்கள் மேல், ஒன்றில் அவர்கள் மேல், ஒன்றில் பாதிப் பாதி, மற்றொன்றில் வானத்தின் மேல்.

நான் வக்கீல் இல்லை. நாகர்கோவிலில் இருபத்தைந்து வருடங்களுக்கும் மேலாகக் கட்டட வேலை பார்க்கும் பொறியாளன். சட்டம் பற்றி வரும் பகுதியை வக்கீல் நண்பர் ஒருவரிடம் படிக்கக் கொடுத்த பிறகே அனுப்புகிறேன். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் குடியிருக்கும் இடத்திலும் இப்படி ஒரு சங்கம் உண்டு. அதில் இரண்டு வருடம் செயலாளராக இருந்தேன். நோட்டீஸ் அனுப்பும் கை எனக்கும் இருந்தது.

வானத்தின் மேல் உள்ள குற்றத்தில் இருந்து தொடங்குவோம், அதாவது பாசி.

உங்கள் ரோட்டுப் பக்க மதில் எந்தத் திசை பார்க்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. தெற்கு அல்லது மேற்கு என்று பந்தயமே கட்டுவேன். நம் மாவட்டம் பூமத்திய ரேகையில் இருந்து சுமார் 8 டிகிரி வடக்கே இருக்கிறது. ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேராக வந்து, அதற்குப் பிறகு வடக்கே நகர்ந்துவிடும். ஆகஸ்ட் கடைசியில்தான் திரும்பி வரும். அதுவரை நாலரை மாதம் நண்பகல் வெயில் விழுவது வடக்குச் சுவரில். தெற்குச் சுவருக்கு வெயிலே கிடையாது. சரியாக அந்த மாதங்களில்தான் தென்மேற்குப் பருவமழை அந்தச் சுவரை நனைக்கிறது. நனைவது ஒரு பக்கம், காய்வது வேறு பக்கம். அப்புறம் அக்டோபரில் வடகிழக்குப் பருவம் தொடங்கிவிடும். தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு ஒரு மழைக்காலம் என்றால் நமக்கு முழுதாக இரண்டு. ஜூனில் நனையத் தொடங்கும் சுவர் டிசம்பர் வரைக்கும் ஒழுங்காகக் காய்வதில்லை.

மதிலில் கறுப்பாகத் தெரிவது அழுக்கு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது உயிருள்ள பாசி. ஈரமும் நிழலும் இருந்தால் வளரும், வெயிலில் காய்ந்து கறுத்துப் படியும், அடுத்த மழையில் மறுபடி துளிர்க்கும். ஆகவே "வீட்டைக் கவனிக்காமல் போட்டிருக்கிறார்கள்" என்று பாசியை வைத்து யாரும் யாரையும் சொல்ல முடியாது. ஜூலையில் குமரி மாவட்டத்தில் பாசி இல்லாத மதில் வேண்டுமென்றால் மதிலே இல்லாமல் இருக்க வேண்டும்.

அதற்காக அப்படியே விட்டுவிடலாம் என்று சொல்லவில்லை. ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். முதலில் மதிலின் தலை. நம்மூரில் மதில் கட்டுகிறவர்கள் மேல்பகுதியைத் தட்டையாகப் பூசிவிட்டுப் போய்விடுகிறார்கள். மழைத் தண்ணீர் அங்கே நின்று உள்ளே இறங்கும், மீதி சுவரின் முகத்தில் வழியும். கறுப்புக் கோடுகள் மேலிருந்து கீழாக இறங்கியிருந்தால் இதுதான் காரணம். மதில் தலைக்குச் சரிவு கொடுத்து, இரண்டு பக்கமும் ஓரிரண்டு அங்குலம் வெளியே நீளும்படி ஒரு மூடி போட வேண்டும். அந்த நீட்டலின் அடிப்பக்கத்தில் விரல் அகலத்துக்கு ஒரு காடி இழுக்கச் சொல்லுங்கள். ஓடி வரும் தண்ணீர் அந்தக் காடியைத் தாண்ட முடியாமல் சொட்டிக் கீழே விழும், சுவரைத் தொடாது. ஜன்னல் சன்ஷேடுக்கும் இதே வைத்தியம்தான். பத்மநாபபுரம் அரண்மனைக்குப் பள்ளிக் குழந்தைகளைக் கூட்டிப் போயிருப்பீர்கள். அங்கே ஓட்டுக்கூரை சுவரைத் தாண்டி எவ்வளவு தூரம் இறங்கி நிற்கிறது என்று அடுத்த தடவை பாருங்கள். சுவர் நனையாமல் இருக்கக் கூரை குடை பிடிக்க வேண்டும் என்பது அதைக் கட்டிய ஆசாரிகளுக்குத் தெரிந்திருந்தது. பெட்டி மாதிரி வீடு கட்டத் தொடங்கிய பிறகு அந்தக் குடையை நாம் மடக்கி வைத்துவிட்டோம், இப்போது பாசியைக் கண்டு ஆச்சரியப்படுகிறோம்.

அடுத்து மதிலின் கால். உள்பக்கம் தோட்டத்து மண்ணை மதிலோடு சேர்த்துக் குவித்திருந்தால் அந்த ஈரம் வெளியே கசியும். மண்ணை அரை அடியாவது விலக்குங்கள். கசிவு வெளிப்பக்கத்தில் இருந்தும் வரலாம். இங்கே என் கதை ஒன்று. நான் செயலாளராக இருந்தபோது ஒருவர் வீட்டு மதிலைப் பற்றி நோட்டீஸ் அனுப்பினேன். அவர் இரண்டு தடவை கழுவினார், ஒரு தடவை பெயின்டும் அடித்தார். மூன்றே மாதத்தில் அடியில் இருந்து இரண்டடி உயரத்துக்கு மறுபடி பச்சை. என்னதான் என்று போய்த் தோண்டிப் பார்த்தால், மதிலை ஒட்டிப் போகும் எங்கள் பொது ஓடை சருகும் பிளாஸ்டிக்கும் அடைத்து, தண்ணீர் முழுக்க அந்த மதிலுக்குள் ஏறிக்கொண்டிருந்தது. ஓடையைச் சுத்தமாக வைக்க வேண்டியது சங்கம். நோட்டீஸ் எனக்குத்தான் வந்திருக்க வேண்டும். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். பெயின்ட் காசைச் சங்கம் கொடுக்கவில்லை, அது வேறு கதை. உங்கள் மதிலிலும் பாசி அடியில் மட்டும் அடர்த்தியாக இருந்தால், சங்கத்தின் ஓடை மூடியைத் திறந்து பாருங்கள். அடைத்திருந்தால் படம் எடுத்து வையுங்கள்.

கழுவுவதற்கு பிளீச்சிங் பவுடர் போதும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 முதல் 100 கிராம் கலக்கி, அடியில் தங்கும் கசடை விட்டுவிட்டுத் தெளிவை மட்டும் எடுத்துச் சுவரில் அடித்து, சில மணி நேரம் ஊறவிட்டு நைலான் பிரஷால் தேய்த்துக் கழுவ வேண்டும். வேலைக்கு வருகிறவர் கையுறை போடட்டும், அடியில் உள்ள செடிகளை ஒரு தார்ப்பாய் போட்டு மூடட்டும். சிலர் தரை கழுவும் ஆசிட்டைக் கொண்டு வருவார்கள். வேண்டவே வேண்டாம். ஆசிட் சிமெண்ட் பூச்சைத் தின்றுவிடும். பிளீச்சிங் பவுடரோடு சேர்ந்தால் குளோரின் புகை கிளம்பும், மூச்சு முட்டும், ஆளுக்கே ஆபத்து.

கழுவுவதை இப்போதே செய்யலாம். பெயின்ட் மட்டும் இப்போது அடிக்காதீர்கள். நோட்டீசிலேயே எனக்கு எரிச்சல் வந்த இடம் இதுதான். ஜூலையில் பதினைந்து நாள் கெடு கொடுத்து வெளிச்சுவருக்குப் பெயின்ட் அடிக்கச் சொல்கிறவர் இந்த ஊர்க்காரரா என்று கேட்கத் தோன்றியது. ஈரச் சுவரில் அடித்த பெயின்ட் கொப்பளம் கொப்பளமாக எழும்பி, உரிந்து, உப்புப் பூத்து நிற்கும். காசு மழையோடு போய்விடும். இங்கே வெளிச்சுவர் வேலைக்கு ஏற்ற காலம் ஜனவரியில் இருந்து மார்ச் வரை. பொங்கல் கழிந்து ஆள் கூப்பிடுங்கள். மதில் தலைக்குப் புதிதாகப் பூச்சு போட்டால் அது ஏறக்குறைய நான்கு வாரம் ஆறிய பிறகே பிரைமர் தொடலாம். அப்படியானால் பூச்சு வேலையை மழை முடிந்ததுமே தொடங்கிவிட வேண்டும். வெளியே பட்டி பார்க்க வெள்ளை சிமெண்ட் பட்டிதான், உள்சுவருக்கு மிச்சம் வைத்ததைக் கொண்டுவந்து அப்ப விடாதீர்கள். பாசித் தடுப்பு மருந்து சேர்ந்த வெளிப்புற எமல்ஷன் இரண்டு கோட்டு. டப்பாவில் எழுதியதற்கு மேல் தண்ணீர் ஊற்றிக் கலக்குகிறாரா என்று ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து பாருங்கள். முப்பது வருடம் பரீட்சை ஹாலில் நின்ற கண்ணுக்கு இது பெரிய வேலை இல்லை.

இனி உங்கள் மேல் தவறு உள்ள விஷயம். தகர ஷீட்.

"துணி காயப்போட ஷீட் போட்டேன், அதில் என்ன குற்றம்" என்று நீங்கள் கேட்கலாம். அசிங்கமா அழகா என்பதில் எனக்கு அக்கறை இல்லை. அது எப்படி நிற்கிறது என்பதுதான் என் கேள்வி. நம் பக்கம் டிரஸ் வேலை (இரும்புச் சட்டத்தில் ஷீட் கூரை போடுவது) செய்கிறவர்களில் பலர் கைப்பிடிச் சுவரின் மேல் ஒரு இரும்புத் தகடை வைத்து, இரண்டு சின்ன போல்ட்டை இறக்கி, அதன் மேல் குழாயை வெல்டிங் செய்துவிடுகிறார்கள். கைப்பிடிச் சுவர் என்பது அரைச்செங்கல் சுவர். ஆள் தவறி விழாமல் தடுக்கக் கட்டியது, கூரையைப் பிடித்து வைக்கக் கட்டியது இல்லை. காற்று ஷீட்டைக் கீழே அழுத்துவதைவிட மேலே பிடுங்குவதுதான் ஆபத்து. நாலு பக்கமும் திறந்த கூரை என்றால் அடியில் இருந்து தள்ளும், மேலிருந்து உறிஞ்சும், இரண்டும் ஒரே நேரத்தில். ஆடிக்காற்றில் அம்மி பறக்குமோ என்னவோ, தகரம் பறக்கும். 2017 நவம்பர் 30ஆம் தேதி ஒக்கி அடித்தது உங்களுக்கு நினைவிருக்கும். ரப்பரும் தென்னையும் மின்கம்பமும் சாய்ந்ததைத்தான் எல்லோரும் பேசினார்கள். அதற்கடுத்த வாரங்களில் நான் ஏறிப் பார்த்த மொட்டைமாடிகளில் போல்ட்டோடு சேர்ந்து கைப்பிடிச் சுவரின் செங்கல்லும் பிடுங்கிக்கொண்டு போயிருந்தது. ஷீட் அடுத்த தெருவில் கிடந்தது. அது போகிற வழியில் ஒரு ஆள் நின்றிருந்தால்?

உங்கள் வீட்டில் இருந்து கடல் பக்கம்தான். உப்புக் காற்று முதலில் தின்பது ஷீட்டை இல்லை, ஷீட்டைப் பிடித்திருக்கும் திருகாணியை. வெளியே பார்த்தால் ஷீட் பளபளவென்று இருக்கும், திருகாணியின் கழுத்து நூலாகத் தேய்ந்திருக்கும். நல்ல வெல்டர் ஒருவரை மேலே ஏற்றி மூன்று விஷயங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். தூண்கள் கைப்பிடிச் சுவரில் நிற்கின்றனவா, கீழே உள்ள கான்கிரீட் தூணுக்கோ உத்திரத்துக்கோ நேர் மேலே நிற்கின்றனவா? ஓரத்து ஷீட்டுகளில் திருகாணிகள் நெருக்கமாக இருக்கின்றனவா? ஷீட்டில் விழும் மழை எங்கே போகிறது? கடைசிக் கேள்வி முக்கியம். உங்கள் ஷீட் தண்ணீர் பக்கத்து வீட்டு மாடியிலோ சுவரிலோ விழுந்தால், சங்கம் வேண்டாம், பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரே உங்களைக் கேட்கலாம், அது நியாயமான கேள்வி. ஓரத்தில் ஒரு தண்ணீர்ப் பாத்தி வைத்துக் குழாயில் இறக்கி மழைநீர்ச் சேகரிப்புக் குழியில் விட்டுவிடுங்கள். 2003இல் இருந்து தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் அந்தக் குழி கட்டாயம், உங்கள் வீட்டிலும் எங்காவது மண் மூடிக் கிடக்கும்.

நிரந்தரக் கூரை என்றால் உள்ளாட்சி அனுமதி பற்றியும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். யாராவது புகார் எழுதிப்போட்ட பிறகு ஓடுவதைவிட அது நல்லது. துணி காய வைக்க மட்டும்தான் என்றால் என் ஆலோசனை, இருப்பதைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள். மாடி முழுக்க மூட வேண்டிய தேவை உங்கள் ஒருவர் துணிக்கு இல்லை.

தேங்காய், கதம்பை. இது பாதிப் பாதி. நான்கு தென்னை நிற்கும் வீட்டில் தேங்காய் வெட்டினால் இரண்டு நாள் முற்றத்தில் கிடக்கத்தான் செய்யும். அதைக் குற்றம் என்று எழுதுகிற சங்கம் தென்னைக்குப் பேர்போன ஈத்தாமொழிக்குப் பக்கத்தில் இருக்கத் தகுதி இல்லாதது. உடைத்த தேங்காயை மாடியில் காயப் போடுவதையும் யாரும் தடுக்க முடியாது. ஆனால் கதம்பையும் சிரட்டையும் மழையில் வாரக்கணக்கில் குவிந்து கிடந்தால் ஒவ்வொன்றிலும் ஒரு கை தண்ணீர் நிற்கும், டெங்கு கொசுவுக்கு அதற்கு மேல் வேண்டியதில்லை. ரப்பர் தோட்டத்தில் பால் வடியும் சிரட்டையைக் கவிழ்த்து வைக்கச் சொல்லுவது இதற்காகத்தான். அசிங்கம் என்பது கருத்து, கொசு என்பது உண்மை. வெட்டிய ஒரு வாரத்துக்குள் கதம்பையை அப்புறப்படுத்துவேன் என்று நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள். பின்பக்கம் இடம் இருந்தால் தென்னை மூட்டைச் சுற்றிப் புதைத்துவிட்டால் மரத்துக்கும் ஈரம் நிற்கும், இன்னும் நல்லது.

சரி, இப்போது நீலம்.

எந்தச் சங்கமும் தன் அதிகாரத்தை ஒரு காகிதத்தில் இருந்துதான் எடுக்க முடியும். அது எந்தக் காகிதம் என்று கேளுங்கள். தனித்தனி மனையில் தனித்தனி வீடு என்றால் அடுக்குமாடிக்கான 2022ஆம் வருட உரிமைச் சட்டத்தை இங்கே இழுக்க முடியாது. உங்களைப் போன்ற சங்கங்கள் பெரும்பாலும் 1975ஆம் வருடத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவானவை. அங்கே அடிப்படை, சங்கத்தின் துணைவிதி (பைலா). உறுப்பினராகச் சேரும்போது நீங்களோ உங்கள் கணவரோ கையெழுத்துப் போட்டிருந்தால், அந்தத் துணைவிதி உங்களுக்கும் சங்கத்துக்கும் இடையே ஓர் ஒப்பந்தம் மாதிரி. அதில் நிறம் பற்றி இருந்தால் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அதில் இல்லாமல் புதுக் குழு ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் பேசி முடிவு செய்தது என்றால், அது அவர்கள் விருப்பம், அவ்வளவுதான். துணைவிதியைத் திருத்துவதற்கு முறையாக அறிவிப்புக் கொடுத்துப் பொதுக்குழுவைக் கூட்டிச் சிறப்புத் தீர்மானம் போட வேண்டும், திருத்தத்தை மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்து பதிய வேண்டும். அபராதமும் அதே போல. துணைவிதியில் இல்லாத அபராதத்தைக் குழு தன் இஷ்டத்துக்கு விதிக்க முடியாது.

இரண்டாவது காகிதம் உங்கள் கிரயப் பத்திரமும் அதற்கு முந்தைய மூலப் பத்திரமும். மனை விற்றவர் முதல் உரிமையாளரிடம் "வெளித்தோற்றத்தை மாற்ற மாட்டேன்" என்று எழுதி வாங்கியிருக்கலாம். நிலத்தை இன்ன விதமாகப் பயன்படுத்தக் கூடாது என்ற கட்டுப்பாடு, அது தெரிந்து வாங்கிய அடுத்தவரையும் தொடர இடம் உண்டு. 1882ஆம் வருடச் சொத்து மாற்றச் சட்டத்தின் 40ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. "செய்யக் கூடாது" என்பது நிலத்தோடு வரலாம்; "இதைச் செய், இவ்வளவு கட்டு" என்பது அப்படித் தானாகத் தொற்றிக்கொண்டு வராது. கிரீம் அடி என்பது எந்த வகை என்று உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பத்திரத்தில் ஏதாவது வாசகம் கண்ணில் பட்டால் வக்கீலிடம் காட்டிவிட்டு அடுத்த வேலையைச் செய்யுங்கள்.

மூன்றாவது காகிதத்தை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். மனைப்பிரிவு அங்கீகார ஆணை. அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவில் சாலைகளைத் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுத்துவிட வேண்டும். பெரிய மனைப்பிரிவு என்றால் பூங்காவுக்கான பொது இடமும் அப்படியே. ஆகவே "எங்கள் ரோட்டில் இருந்து பார்த்தால் அசிங்கமாக இருக்கிறது" என்று சங்கம் சொன்னால், அந்த ரோடு சங்கத்துடையதா ஊராட்சியுடையதா என்பதே முதல் கேள்வி. பல இடங்களில் வாசலில் கேட்டும் காவலாளியும் வைத்திருப்பதால் ரோடும் தங்களுடையது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த ஒரே நிற ஆசை எங்கிருந்து வருகிறது என்றும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் வீட்டு உரிமையாளர் சங்கங்கள் உண்டு. அங்கே மனை போடும்போதே கட்டுப்பாடுகளைப் பத்திரமாகப் பதிந்துவிடுவார்கள், வாங்குகிறவர் அதோடு சேர்த்துத்தான் வாங்குகிறார். பாக்கி வைத்தால் வீட்டின் மேலேயே உரிமை கோரும் அளவுக்குப் பல மாநிலங்களில் அந்தச் சங்கங்களுக்குப் பலம் உண்டு. அங்கே இருக்கும் நம் பிள்ளைகள் அனுப்பும் அந்த விதிகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறோம், பின்னால் உள்ள பதிவை விட்டுவிடுகிறோம். எங்கள் சங்கத்தில் ஒருவர் தயாரித்துக் கொண்டு வந்த வரைவு விதிகளில் "வாசலில் விழும் பனியை 24 மணி நேரத்துக்குள் அகற்ற வேண்டும்" என்று ஒரு வரி இருந்தது. அதை நான் வாசித்தபோது கூட்டத்தில் எழுந்த சிரிப்பில் மீதி விதிகளும் போய்விட்டன.

கிரீம் நிறம் இந்த ஊருக்குத் தோதானதா என்று பொறியாளனாகக் கேட்டால், இல்லை என்பேன். வெளிர் நிறம் வெயிலைக் குறைவாக உள்வாங்கும், அது சரி. ஆனால் பாசி மிகத் தெளிவாகத் தெரிவதும் கிரீமிலும் வெள்ளையிலும்தான். 42 வீட்டுக்கும் கிரீம் அடித்தால் அடுத்த ஆகஸ்டில் 42 நோட்டீஸ் அடிக்க வேண்டியிருக்கும். வெளிர் நீலம், வெளிர் சாம்பல், லேசான காவி எல்லாம் கிட்டத்தட்ட அதே குளுமை, கறை கொஞ்சம் மறையும். பழைய நாளில் வருடத்துக்கு ஒரு தடவை ஓணத்துக்கோ கிறிஸ்துமசுக்கோ சுண்ணாம்பு அடித்தார்கள், சுண்ணாம்பின் காரத்தில் பாசி கொஞ்ச நாள் ஒதுங்கியே இருந்தது. அந்த வெள்ளைக்கு வருடாவருடம் ஒரு கை தேவைப்பட்டது. இந்தக் கிரீமை ஒரு தடவை அடித்துவிட்டு ஏழு வருடம் சும்மா இருக்கலாம் என்று குழு நினைக்கிறது.

தண்ணீரை நிறுத்துவோம் என்ற மிரட்டலுக்கு மட்டும் நீங்கள் அடங்கிப் போகக் கூடாது. தண்ணீருக்கும் பராமரிப்புக்கும் நீங்கள் மாதச் சந்தா கட்டுகிறீர்கள் அல்லவா? பாக்கி இல்லாமல் கட்டுங்கள், ரசீதை வாங்கி வையுங்கள். கோபத்தில் சந்தாவை நிறுத்துவதுதான் இந்தச் சண்டைகளில் பலரும் செய்யும் தவறு, அதோடு நியாயம் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். நிறம் மாற்றாததற்காகத் தண்ணீரை நிறுத்தப் போனால் உரிமையியல் நீதிமன்றத்தில் தடையாணை கேட்கலாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி கொடுக்க 1987ஆம் வருடச் சட்டமே இருக்கிறது. நாகர்கோவிலில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு கொடுத்தால் போதும். வழக்குப் போடும் முன்பே இரண்டு தரப்பையும் கூப்பிட்டுப் பேசவைக்க அவர்களால் முடியும். அங்கே போக வேண்டி வராது என்று நினைக்கிறேன், ஆனால் அப்படி ஓர் இடம் இருப்பது உங்களுக்கும் தெரிந்திருக்கட்டும், செயலாளருக்கும் தெரிந்திருக்கட்டும்.

இப்போது ஒரு பதில் எழுதுங்கள். சண்டைக் கடிதம் வேண்டாம். இப்படி இருந்தால் போதும்:

"தங்கள் அறிவிப்பு கிடைத்தது. மதிலில் உள்ள பாசியை இந்த வாரமே கழுவிவிடுகிறேன். மழைக்காலத்தில் பெயின்ட் நிற்காது என்பதால் அதை பிப்ரவரிக்குள் முடிப்பேன். மதிலை ஒட்டிய பொது ஓடையைச் சங்கம் ஒரு தடவை பார்வையிட வேண்டுகிறேன். மாடி ஷீட்டைத் தகுந்த ஆளை வைத்துச் சோதித்து, குறை இருந்தால் இந்த மாதத்துக்குள் சரிசெய்கிறேன். கதம்பை ஒரு வாரத்துக்கு மேல் முற்றத்தில் இருக்காது. வீட்டின் நிறம், அபராதம், தண்ணீர் நிறுத்தம் ஆகியவை துணைவிதியின் எந்தப் பிரிவின் கீழ் என்பதைத் தெரிவித்து, பதிவான துணைவிதியின் நகலும் அதற்கான பொதுக்குழுத் தீர்மானத்தின் நகலும் தந்தால் பதில் தர வசதியாக இருக்கும்."

இதை ஒப்புகையுடன் கூடிய ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள், அல்லது நேரில் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள். வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். அங்கே போட்டால் அது கடிதமாக இருக்காது, திருவிழாவாகிவிடும்.

அடுத்த பொதுக்குழுவுக்குப் போங்கள். மகன் மஸ்கட்டில் இருந்து எழுதிக் கொடுப்பதைப் படிக்க வேண்டாம், நீங்களே பேசுங்கள். நிறத்தைப் பற்றி விதி வேண்டாம், நிலைமையைப் பற்றி விதி வைப்போம் என்று சொல்லிப் பாருங்கள். ரோட்டில் எதுவும் உடைந்து விழக் கூடாது, உன் வீட்டுத் தண்ணீர் அடுத்த வீட்டில் விழக் கூடாது, எங்கும் தண்ணீர் தேங்கிக் கொசு வளரக் கூடாது, பெயின்ட் உரிந்து தொங்கினால் அடிக்க வேண்டும், எந்த நிறமானாலும். இவை எல்லாம் கண்ணால் பார்த்து ஆம் இல்லை என்று சொல்லக்கூடியவை. "அசிங்கம்" என்று எழுதினால் நாளைக்கு ஒருவர் வீட்டுக் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் இன்னொருவருக்கு அசிங்கம், இன்னொருவர் கட்டிய சீரியல் பல்பு மற்றவருக்கு அசிங்கம் என்று போய் நிற்கும். எங்கள் சங்கத்தில் அதற்குக் கடைசியில் ஒரே வரி வைத்தோம்: விழா அலங்காரம் எதுவானாலும் விழா முடிந்து பதினைந்து நாளில் இறக்கிவிட வேண்டும். எல்லோருக்கும் ஒரே கணக்கு. அதற்குப் பிறகு சண்டை வந்ததில்லை.

அதோடு இன்னொரு யோசனையையும் வையுங்கள். ஜனவரியில் சங்கமே ஒரு பெயின்டர் குழுவைப் பேசி, சாரம் கட்டும் செலவைப் பகிர்ந்து, வேண்டுகிற வீடுகளுக்கெல்லாம் வரிசையாக முடித்துவிடலாம். தனியாளாகக் கூப்பிட்டால் உங்கள் மதிலுக்கு ஆளே வர மாட்டார்கள், நாற்பது வீடு என்றால் ரேட்டும் இறங்கும். நோட்டீஸ் அடிக்கிற காசுக்கு இது உபயோகம். உங்களைப் போலத் தனியாக இருக்கிறவர்கள் அந்தக் குடியிருப்பில் இன்னும் சிலர் நிச்சயம் இருப்பார்கள், கூட்டத்தில் முதலில் கை தூக்கப் போவது அவர்கள்தான்.

துணைவிதியைப் பார்த்த பிறகு, நிறத்தை மாற்றத்தான் வேண்டும் என்று வந்தாலும், முன்முகப்பு மட்டும் என்று பேசி முடிக்க இடம் இருக்கும். அப்படி வராவிட்டால் நீலத்தையே மறுபடி அடியுங்கள். பழைய டப்பா ஷெட்டிலோ படிக்கட்டின் அடியிலோ கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். மூடியில் ஒட்டிய சீட்டில் நிற எண் இருக்கும், அதைக் கடையில் காட்டினால் அதே நீலத்தைக் கலக்கித் தருவார்கள். சீட்டு அழிந்திருந்தால், மழையும் வெயிலும் அதிகம் படாத ஓர் இடத்தில் இருந்து, சன்ஷேடுக்கு அடியில் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு ரூபாய்க் காசு அளவுக்குப் பெயின்டைச் சுரண்டி எடுத்துக்கொண்டு போங்கள். வெளிச்சுவரில் இப்போது தெரிவது வெளுத்த நீலம். உங்கள் கணவர் தேர்ந்தது சன்ஷேடுக்கு அடியில்தான் இருக்கும்.